கழிவுநீரில் வைரஸைத் தேடுவது எப்படி: சாம்பிள் எடுப்பதிலிருந்து போக்கை வாசிப்பது வரை

கழிவுநீரிலும் குடிநீரிலும் வைரஸைக் கண்டறியும் வேலையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மரபுப்பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். என்றால் என்ன, பிப்பெட்டை எப்படிப் பிடிப்பது என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

புதியவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பலமுறை பார்த்துவிட்டேன். பெரும்பாலும் பி.சி.ஆர். இயந்திரத்தின் முன்னால் அல்ல. அதற்கு முந்தைய படிகளில் எவ்வளவு வைரஸ் தொலைந்தது என்பதை யாரும் அளக்காமல், கடைசியில் "கண்டறியப்படவில்லை" என்று எழுதிவிடுகிறார்கள். எவ்வளவு நீரைத் துழாவினோம், வழியில் எவ்வளவு இழந்தோம் என்ற இரண்டும் தெரியாமல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை வைத்திருக்கத்தான்.

1. முதலில் கேள்வியைத் தாளில் எழுதுங்கள்

எந்த வைரஸ், எந்த நீர், விடையை வைத்து யார் என்ன செய்யப் போகிறார்கள்: இந்த மூன்றையும் ஒரே வரியில் எழுத முடியாவிட்டால் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். முறை முழுவதும் அந்த வரியைப் பொறுத்தே மாறும்.

ஓர் ஊரில் வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸ் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது கேள்வி என்றால், சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழையும் கழிவுநீரில் 100 மில்லிலிட்டருக்கும் குறைவாக எடுத்தாலே போதும். குழாய் நீர் பாதுகாப்பானதா என்பது கேள்வி என்றால் நூற்றுக்கணக்கான லிட்டரை வடிகட்ட வேண்டியிருக்கும். போலியோ கேள்வி என்றால் உயிருள்ள வைரஸை செல்களில் வளர்த்தெடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறை அதற்கென்றே 500 மில்லிலிட்டர் கழிவுநீரையும் தனிச் செறிவூட்டும் முறையையும் வைத்திருக்கிறது.

இலக்கு வைரஸின் இயல்பையும் குறித்துக்கொள்ளுங்கள். நோரோ, என்டெரோ, ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ ஆகியவை ஆர்.என்.ஏ. வைரஸ்கள். அடினோ டி.என்.ஏ. வைரஸ். கொரோனா வைரஸுக்குக் கொழுப்புறை உண்டு, நோரோவுக்குக் கிடையாது. உறை உள்ள வைரஸுக்குத் திடப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் நாட்டம் அதிகம். இது ஐந்தாம் படியில் முக்கியமாகும்.

"ஈ.கோலை சோதனை செய்தாயிற்றே, அது போதாதா?" என்று, மலக் கலப்பைக் காட்டும் அந்த பாக்டீரியாவை வைத்துக் கேட்பவர்கள் உண்டு. போதாது. குளோரினுக்கு ஈ.கோலை சீக்கிரம் சாகும், குடல் வைரஸ்கள் பல நின்றுபிடிக்கும். 1955-56 இல் டெல்லியில் கழிவுநீர் கலந்த குடிநீரால் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் இ என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது குளோரின் அளவைக் கூட்டித்தான் நீரை விட்டிருந்தார்கள். பாக்டீரியா நோய்கள் பெருகவில்லை, வைரஸ் மட்டும் தப்பி வந்தது.

2. கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் உடல். ஹெபடைடிஸ் ஏ, டைஃபாய்டு, டெட்டனஸ், போலியோ தடுப்பூசிகள் போடப்பட்டிருக்க வேண்டும். செறிவூட்டிய கழிவுநீரை இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்புள்ள அறையில், பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்தே திறக்க வேண்டும். செறிவூட்டல் என்றாலே கிருமியைக் கூட்டிச் சேர்ப்பதுதான்: சாக்கடையில் இருந்ததைவிட உங்கள் கையில் இருக்கும் ஒரு மில்லிலிட்டர் ஆபத்தானது.

அடுத்தது இடம். பி.சி.ஆர். கலவை தயாரிக்கும் இடம், ஆர்.என்.ஏ. பிரிக்கும் இடம், இயந்திரம் ஓடும் இடம் மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆள் ஒரே திசையில்தான் நடக்க வேண்டும். காலையில் இயந்திர அறைக்குள் போனவர் அதே மேலங்கியோடு கலவை அறைக்குத் திரும்பக் கூடாது. பெருகிய டி.என்.ஏ. கண்ணுக்குத் தெரியாமல் சட்டைக் கையில் ஏறி வந்துவிடும். ஒருமுறை கலவை அறை கறைபட்டால் வாரக்கணக்கில் எல்லாச் சாம்பிளும் பாசிட்டிவ் ஆகும்.

பொருள்களில் புதியவர்கள் மறப்பது ஒன்றே ஒன்று: சென்ட்ரிஃபியூஜ் குழாய் எத்தனை ஜி விசை (புவியீர்ப்பைப் போல் எத்தனை மடங்கு) தாங்கும் என்று பார்ப்பது. 50 மில்லிலிட்டர் கூம்புக் குழாய்களில் பல 12,000 ஜி-யைத் தாங்காது. கழிவுநீரோடு அது ரோட்டருக்குள் வெடித்தால் அன்றைய நாள் போயிற்று, அறையும் போயிற்று.

3. சாட்சி வைரஸை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

இந்தப் படியைத் தள்ளிப்போடாதவர்களை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். "முதலில் முறை ஓடட்டும், கன்ட்ரோல் பிறகு" என்பார்கள். கன்ட்ரோல் இல்லாமல் முறை ஓடுகிறதா என்று எப்படித் தெரியும்?

சாம்பிளில் இயல்பாக இருக்க வாய்ப்பில்லாத, ஆனால் இலக்கைப் போன்றே நடந்துகொள்ளும் ஒரு வைரஸைத் தெரிந்த அளவில் கலந்துவிட வேண்டும். கடைசியில் அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதே உங்கள் மீட்பு விழுக்காடு. உறையில்லாத இலக்குக்கு மெங்கோவைரஸ் அல்லது எலி நோரோவைரஸ், உறையுள்ள இலக்குக்கு மாட்டுக் கொரோனா வைரஸ் போன்றவை வழக்கத்தில் உள்ளன. மாட்டுப் பண்ணைக் கழிவு கலக்கும் சாக்கடையில் மாட்டுக் கொரோனாவை நம்பாதீர்கள், அது ஏற்கெனவே அங்கே இருக்கலாம்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, முழு வைரஸுக்குப் பதில் வெறும் ஆர்.என்.ஏ.-வைக் கழிவுநீரில் ஊற்றுவது. கழிவுநீரில் உள்ள நொதிகள் அதைச் சற்று நேரத்தில் தின்றுவிடும், நீங்கள் அளப்பது வைரஸின் இழப்பை அல்ல. இரண்டு, புட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்புவது. உறைய வைத்து உருக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் குறையும். ஆகவே சாம்பிளில் கலக்கும் அதே நாளில், அதே புட்டியிலிருந்து நேரடியாக ஆர்.என்.ஏ. பிரித்து அளந்துவையுங்கள். நூறு என்பது எது என்று தெரிந்தால்தான் விழுக்காடு வரும்.

4. சாம்பிள் எடுத்தலும் கொண்டுவருதலும்

ஒருமுறை வாளியால் அள்ளிய நீர், அந்த நிமிடம் யார் கழிப்பறைக்குப் போனார்கள் என்பதைச் சொல்லும். ஊரைச் சொல்லாது. முடிந்தால் 24 மணி நேரக் கூட்டு மாதிரி எடுங்கள்: தானியங்கி எடுப்பான் குறித்த இடைவெளியில் சிறிது சிறிதாக உறிஞ்சிச் சேர்க்கும். நேரத்தை வைத்து எடுப்பதைவிட நீரோட்டத்தின் அளவை வைத்து எடுப்பது மேல், ஏனென்றால் நள்ளிரவின் வெற்று நீரும் காலையின் அடர்ந்த நீரும் சமப் பங்கு பெறக் கூடாது.

எடுப்பான் இல்லையா? ஒவ்வொரு முறையும் காலையில் கழிவு அதிகம் வரும் அதே நேரத்தில், அதே இடத்தில் அள்ளுங்கள். சிறிய வளாகங்களில் துணிச்சுருளை நூலில் கட்டி ஒருநாள் ஓடும் நீரில் தொங்கவிடும் மூர் ஸ்வாப் முறையும் நன்றாக வேலை செய்யும். ஆனால் எத்தனை லிட்டர் அதன் வழியே ஓடியது என்பது தெரியாது. இருக்கிறதா இல்லையா என்பதற்கு அது சரி, எவ்வளவு என்பதற்குச் சரிவராது.

குளோரின் போட்ட நீர் என்றால் பாட்டிலில் முன்கூட்டியே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டியில் வரும் வழியெல்லாம் குளோரின் தன் வேலையைச் செய்துகொண்டே வரும். நீங்கள் அளப்பது குழாயடியின் நிலையை அல்ல, பயணத்தின் முடிவை.

பாட்டிலைப் பனிக்கட்டியோடு 4 டிகிரி செல்சியஸ் அளவில் கொண்டுவாருங்கள். 24 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்குவது நல்லது. முடியாதபோது பலர் பாட்டிலை அப்படியே உறைபெட்டியில் வைத்துவிடுகிறார்கள். வேண்டாம். கச்சாக் கழிவுநீர் உறைந்து உருகும்போது வைரஸ் உடைகிறது, உறையுள்ளது இன்னும் மோசமாக. செறிவூட்டி முடித்து, சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 80-இல் வையுங்கள்.

பாட்டிலோடு ஒரு தாளும் வர வேண்டும்: நேரம், நீரின் வெப்பம், பி.எச்., அன்றைய மொத்த நீரோட்டம், முந்தைய நாள் மழை பெய்ததா. மூன்று மாதம் கழித்து வரைபடத்தில் ஒரு பள்ளம் விழுந்தால் இந்தத் தாள்தான் பதில் சொல்லும். கூடவே சுத்தமான நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் களத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடிக் கொண்டுவாருங்கள். அது நெகட்டிவாக வர வேண்டும்.

5. செறிவூட்டல்: அதிகம் தொலைவது இங்கேதான்

கழிவுநீருக்குப் பல வழிகள் உண்டு. தொடங்குகிறவர்களுக்கு நான் பாலிஎத்திலீன் கிளைக்கால் வீழ்படிவைத்தான் சொல்வேன். செலவு குறைவு, சென்ட்ரிஃபியூஜைத் தவிர தனிக் கருவி வேண்டாம், தவறு எங்கே நடந்தது என்று கண்ணால் பார்க்க முடியும். இந்தப் பொருள் நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, வைரஸுக்குக் கரைந்திருக்க இடம் இல்லாமல் திரண்டு கீழே விழுகிறது.

80 மில்லிலிட்டர் கழிவுநீரை இரண்டு குழாய்களில் பாதிப்பாதியாக ஊற்றுங்கள். சாட்சி வைரஸை இப்போதே, மற்ற எதையும் செய்வதற்கு முன் கலக்குங்கள். பிறகு அரைமணி நேரம் 4 டிகிரியில் இருக்கட்டும். கலந்த கையோடு சுழற்றினால் அது திடப்பொருளோடு ஒட்டியிருக்காது. உண்மை வைரஸோ ஒட்டிக்கொண்டு வெளியே போகும், உங்கள் மீட்பு விழுக்காடு பொய்யாக உயர்ந்து காட்டும்.

முதல் சுழற்சி மென்மையானது: ஏறக்குறைய 3,000 ஜி, 20 நிமிடம். மண்ணும் நாரும் கீழே போகும். மேல்நீரைப் புதிய குழாய்களுக்கு மாற்றுங்கள். கீழே தங்கிய திடப்பொருளை உடனே குப்பையில் போடாதீர்கள். கொரோனா போன்ற உறையுள்ள வைரஸ் என்றால் கணிசமான பங்கு அதில்தான் இருக்கும், அதிலிருந்தும் தனியாக ஆர்.என்.ஏ. பிரிப்பது நல்லது.

மேல்நீரில் 80 மில்லிலிட்டருக்கு 8 கிராம் பாலிஎத்திலீன் கிளைக்கால் 8000-உம், 1.4 கிராம் உப்பும் போடுங்கள். அதாவது 10 விழுக்காடும் 0.3 மோலாரும். முழுமையாகக் கரையும்வரை மெதுவாக உருட்டுங்கள், குலுக்காதீர்கள். இரவு முழுதும் 4 டிகிரியில் இருக்கட்டும். அவசரம் என்றால் இரண்டு மணி நேரத்திலும் கிடைக்கும், ஆனால் ஒருநாள் இரண்டு மணி, மறுநாள் இரவு முழுதும் என்று மாற்றாதீர்கள்.

மறுநாள் 12,000 ஜி, 4 டிகிரி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல். இங்கே ஜி-யையும், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற ஆர்.பி.எம்.-ஐயும் குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ரோட்டர் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 10,000 ஆர்.பி.எம். ஏறக்குறைய 11,180 ஜி. ஆரம் 15 ஆனால் அதே சுழற்சி 16,770 ஜி. ஒரு ஆய்வகத்தின் முறையை ஆர்.பி.எம். எண்ணோடு காப்பியடித்தால் உங்கள் ரோட்டரில் அது வேறு முறை.

குழாயை ரோட்டரில் வைக்கும் முன், வெளிப்பக்கம் பார்க்கும் சுவரில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சுழற்சியில் திரளும் படிவான பெல்லட் அங்கேதான் ஒட்டும். வெள்ளையாக, உருண்டையாக எதிர்பார்க்காதீர்கள். தெளிந்த கழிவுநீரில் அது கண்ணாடியில் மூச்சுவிட்டால் படியும் மங்கலைப் போல, விரல்நுனி அளவுக்குக் குழாய்ச் சுவரில் மெல்லிய படலமாக இருக்கும். விளக்கின் எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். கோடு போடாதவர்கள் அடியில் எதுவும் இல்லை என்று நினைத்துக் குழாயைக் கவிழ்த்துவிடுகிறார்கள். இரண்டு நாள் வேலை அந்த ஒரு கவிழ்ப்பில் தொட்டிக்குள் போய்விடுகிறது.

கோடு மேல்பக்கம் இருக்கும்படி சாய்த்து, எதிர்ச் சுவரின் வழியே நீரை பிப்பெட்டால் இழுங்கள். பிறகு ஐந்து நிமிடம் மறுபடி சுழற்றி மிச்சத்தையும் எடுங்கள். தங்கிய பாலிஎத்திலீன் கிளைக்கால் பின்னால் பி.சி.ஆர்.-ஐத் தடுக்கும், ஆகவே இந்த இரண்டாம் சுழற்சியைச் சோம்பலில் விடாதீர்கள். கடைசியில் இரண்டு குழாய்க்கும் சேர்த்து மொத்தம் 1 மில்லிலிட்டர் பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) கரைத்துக்கொள்ளுங்கள். சுவரில் கோடு போட்ட இடத்தை பஃபரால் பலமுறை கழுவ வேண்டும். பெல்லட் தானாக இறங்கி வராது.

*தெளிந்த நீர் என்றால்*

குடிநீரிலும் நிலத்தடி நீரிலும் வைரஸ் மிகக் குறைவு, ஆகவே பெரும் அளவை வடிகட்டியாக வேண்டும். வடிதாளின் துளை வைரஸைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். சல்லடை போலச் சலிப்பதில்லை, மின்னேற்றத்தால் பிடிக்கிறது. நடுநிலை பி.எச்.-இல் பெரும்பாலான வைரஸ்களுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. நேர்மின் வடிகட்டியில் அவை நேரடியாக ஒட்டும். எதிர்மின் வடிகட்டி என்றால் மெக்னீசியம் குளோரைடு சேர்த்தோ, பி.எச்.-ஐ 3.5-க்கு இறக்கியோ ஒட்டவைக்க வேண்டும். இதை மறந்தால் அத்தனை லிட்டரும் வைரஸோடு அப்படியே வெளியேறும்.

பிறகு பி.எச். 9.5 உள்ள மாட்டிறைச்சிச் சாறு, கிளைசின் கலவையால் கழுவி எடுப்பார்கள். காரத்தில் ஒட்டு விடுகிறது. எடுத்த உடனே பி.எச்.-ஐ நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். அதே காரத்தில் நெடுநேரம் விட்டால் பிடித்த வைரஸே சிதையும்.

6. ஆர்.என்.ஏ. பிரித்தல்

இதற்குக் கிட் இருக்கிறது, அதன் தாளில் சொன்னபடி செய்யுங்கள். நான் சேர்ப்பது கொஞ்சம்தான். மலத்துக்கோ மண்ணுக்கோ என்று தயாரித்த, தடைப்பொருள் நீக்கும் படி உள்ள கிட்டைத் தேர்ந்தெடுங்கள். ரத்தத்துக்கான கிட் கழிவுநீரில் திணறும்.

ஐந்தாம் படியில் கிடைத்த 1 மில்லிலிட்டர் செறிவிலிருந்து 200 மைக்ரோலிட்டரை எடுத்து, 100 மைக்ரோலிட்டரில் வெளியேற்றுவதாக வைத்துக்கொள்வோம். இந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதுங்கள், ஒன்பதாம் படியில் தேவைப்படும். ஒவ்வொரு தொகுப்பிலும் வெறும் பஃபரை ஒரு சாம்பிளாக ஓட்டுங்கள். ஆர்.என்.ஏ.-வைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறைய வையுங்கள்.

7. தடைப்பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்

கழிவுநீரில் ஹியூமிக் அமிலம், கொழுப்பு, கூட்டுச் சர்க்கரை, உலோகம் எல்லாம் உண்டு. அவை மரபுப்பொருளைப் பெருக்கும் பாலிமரேஸ் நொதியின் கையைக் கட்டிப்போடும். வைரஸ் இருக்கும், ஆனால் பெருக்கத்தைக் காட்டும் வளைவு எழாது. பார்ப்பவர் "சுத்தம்" என்பார்.

எளிய சோதனை இதுதான்: ஆர்.என்.ஏ.-வை அப்படியே பி.சி.ஆர். தட்டின் ஒரு குழியிலும், பத்து மடங்கு நீர்த்து இன்னொரு குழியிலும் ஓட்டுங்கள். தடை இல்லையென்றால் நீர்த்தது ஏறக்குறைய 3.3 சுற்று தாமதமாக வர வேண்டும் (ஒவ்வொரு சுற்றிலும் மரபுப்பொருள் இரட்டிக்கும்).

நான் பார்த்த ஒரு தட்டில் நீர்க்காததன் சி.டி. எண் (எத்தனையாவது சுற்றில் வளைவு எழுந்தது என்பது) 31.2, நீர்த்ததன் எண் 31.5. பயிற்சிக்கு வந்திருந்தவர் "இரண்டும் ஒத்துப்போகிறது, நல்ல ரிசல்ட்" என்றார். நேர் எதிர். நீர்த்தது 31.5 என்றால் நீர்க்காதது 28.2-இல் வந்திருக்க வேண்டும். மூன்று சுற்று தாமதம் என்பது எட்டு மடங்கு குறைத்துக் காட்டுவது. இப்படி வந்தால் நீர்த்ததன் விடையைப் பத்தால் பெருக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

இலக்கு மிகக் குறைவாக இருந்தால் நீர்த்ததில் எதுவும் வராது, இந்தச் சோதனை பயன்படாது. அப்போது தெரிந்த அளவு செயற்கை ஆர்.என்.ஏ.-வை சாம்பிளிலும் வெறும் நீரிலும் கலந்து, இரண்டும் எத்தனை சுற்று வேறுபடுகின்றன என்று பாருங்கள். உணவிலும் பாட்டில் நீரிலும் நோரோ, ஹெபடைடிஸ் ஏ தேடும் ஐ.எஸ்.ஓ. 15216 முறை 75 விழுக்காடு வரை தடையை ஏற்கிறது. அது இரண்டு சுற்றுத் தாமதத்துக்குச் சமம். அதைத் தாண்டினால் அந்தக் குழியின் விடையை எடுக்காதீர்கள்.

8. தட்டை அமைத்தல்

ஒரு தட்டில் குறைந்தது இவை இருக்க வேண்டும்: சாம்பிள் மூன்று குழிகளில், அதன் நீர்த்தது, சாட்சி வைரஸ், தெரிந்த அளவுகளில் நீர்த்த அளவுகோல் வரிசை, களத்துக்குப் போய்வந்த சுத்த நீரான வெற்று, பிரித்தலில் ஓட்டிய பஃபரான வெற்று, வெறும் நீர். சாம்பிளுக்கு இடம் போதவில்லை என்று வெற்றுக் குழிகளை வெட்டுகிறவர்கள் உண்டு. சாம்பிளைக் குறையுங்கள், வெற்றை விடாதீர்கள்.

ஆர்.என்.ஏ. வைரஸுக்கு அளவுகோலும் ஆர்.என்.ஏ.-வாகவே இருக்கட்டும். பிளாஸ்மிட் என்ற வட்ட டி.என்.ஏ.-வை அளவுகோலாக வைத்தால், ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.-வாக மாறும் படியில் நேரும் இழப்பு கணக்கில் வராது, விடை குறைவாகவே வரும். அதைவிட ஆபத்து: ஒரு சொட்டு பிளாஸ்மிட்டில் கோடிக்கணக்கான நகல்கள் இருக்கும். அந்தப் புட்டியைச் சாம்பிள் அறையில் திறக்கவே கூடாது.

அளவுகோல் வரிசையின் சி.டி. எண்களை மடக்கை அளவில் வரைந்த கோட்டின் சாய்வு மைனஸ் 3.1-க்கும் மைனஸ் 3.6-க்கும் இடையில் இருந்தால் பெருக்கத் திறன் 90 முதல் 110 விழுக்காடு. வெளியே போனால் தட்டையே மறுபடி ஓட்டுங்கள்.

சாம்பிளை ஆயிரக்கணக்கான சிறு பங்குகளாகப் பிரித்து எண்ணும் டிஜிட்டல் பி.சி.ஆர். கிடைத்தால் கழிவுநீருக்கு அதை எடுங்கள். அளவுகோல் வரிசை வேண்டாம், தடைப்பொருளையும் கூடுதலாகத் தாங்கும். என்றாலும் வெற்றுக் குழிகளும் சாட்சி வைரஸும் அதற்கும் தேவை.

9. கணக்கு: "இல்லை" என்பதன் அளவு

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒரு குழியில் 5 மைக்ரோலிட்டர் ஆர்.என்.ஏ. போட்டீர்கள், வைரஸ் மரபுப்பொருளின் 10 நகல் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

100 மைக்ரோலிட்டர் ஆர்.என்.ஏ.-வில் 200 நகல். அது 200 மைக்ரோலிட்டர் செறிவிலிருந்து வந்தது, ஆகவே 1 மில்லிலிட்டர் செறிவில் 1,000. அது 80 மில்லிலிட்டர் கழிவுநீரிலிருந்து வந்தது, ஆகவே ஒரு லிட்டருக்கு 12,500 நகல்.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 80 மில்லிலிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு பிரித்தலுக்குப் போனது, அதில் இருபதில் ஒரு பங்கு குழிக்குப் போனது. ஆக, ஒரு குழியில் நீங்கள் உண்மையில் தேடியது 0.8 மில்லிலிட்டர் கழிவுநீரை மட்டுமே. 80 அல்ல.

ஒரு குழியில் சராசரியாக 3 நகல் இருந்தால்தான் குறைந்தது ஒன்றாவது விழ 95 விழுக்காடு வாய்ப்பு. 0.8 மில்லிலிட்டரில் 3 என்றால் லிட்டருக்கு 3,750. மீட்பு 10 விழுக்காடு என்றால் உண்மையில் லிட்டருக்கு 37,500 நகல் இருந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பதை இந்தக் குழி தவறவிடலாம். ஒரு குழி காலியாக வந்ததும் "வைரஸ் இல்லை" என்று எழுதுகிறவர், லிட்டருக்கு முப்பதாயிரம் நகல் இருந்தும் அப்படி எழுதக்கூடும். மூன்று குழி ஓட்டினால் இந்த எல்லை மூன்றில் ஒன்றாக இறங்கும்.

ஆகவே "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லை ஒருபோதும் தனியாக எழுதாதீர்கள். "லிட்டருக்கு இத்தனை நகலுக்குக் கீழ்" என்று எல்லையோடு எழுதுங்கள். பூஜ்யம் என்று அட்டவணையில் போடவே கூடாது.

மீட்பு விழுக்காட்டால் விடையை வகுத்துத் திருத்தலாமா? நான் செய்வதில்லை. சாட்சி வைரஸ் இலக்கின் உடன்பிறப்பு அல்ல, இரண்டும் ஒரே அளவில் தொலைவதில்லை. திருத்தினால் பிழையையும் பெருக்கிவிடுவோம். மீட்பை வாயிற்காவலாக வையுங்கள்: 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் சாம்பிளை மறுபடி செய்யுங்கள், மேலே இருந்தால் திருத்தாத எண்ணையும் மீட்பு விழுக்காட்டையும் அருகருகே எழுதுங்கள்.

10. உயிருள்ள வைரஸா, உடைந்த துண்டா

பி.சி.ஆர். பார்ப்பது மரபுப்பொருளின் ஒரு சிறு துண்டை மட்டும்தான். குளோரினால் செத்த வைரஸின் துண்டும் அதற்கு ஒன்றுதான். கழிவுநீரில் நோயின் போக்கைப் பார்க்க இது போதும், செத்த வைரஸும் ஒரு நோயாளியிடமிருந்து வந்ததுதானே.

குடிநீரில் அப்படியல்ல. சுத்திகரித்த நீரில் பாசிட்டிவ் வந்தால் மக்களை அச்சுறுத்தும் முன், அது தொற்றக்கூடியதா என்று பாருங்கள். என்டெரோவைரஸ்களைச் செல்களில் வளர்க்கலாம். போலியோவுக்கு எல்20பி செல் உண்டு, மனிதப் போலியோ ஏற்பியைச் சுமக்கும் எலிச் செல் அது, மற்ற என்டெரோவைரஸ்கள் பெரும்பாலும் அதில் வளராது. மனித நோரோவைரஸை அன்றாட ஆய்வகத்தில் வளர்க்க முடியாது. அதற்கு, வைரஸின் புரதக் கூடு உடைந்திருந்தால் உள்ளே ஊடுருவும் சாயம் சேர்த்து, முழுக்கூட்டுக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ.-வை மட்டும் பெருக்கும் முறை உண்டு. அது குறிப்புத்தான் தரும், முழுச் சான்று ஆகாது.

விடை வரும்வரை கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கலங்கல் 1 என்.டி.யூ.-க்குக் (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இருக்கிறதா, பி.எச். 8-க்குக் கீழே, 30 நிமிடத் தொடர்புக்குப் பிறகும் கட்டற்ற குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்சுகிறதா என்று உடனே அளக்கலாம். புற ஊதா ஒளியை மட்டும் நம்பும் நிலையம் என்றால் அடினோவைரஸைத் தனியாகக் கவனியுங்கள், குடல் வைரஸ்களில் அந்த ஒளியை மிக அதிகம் தாங்குவது அதுதான்.

11. போக்கை வாசித்தல்

ஒரு நாள் எண்ணை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று சாம்பிள், மடக்கை அளவில் வரைபடம், நகரும் இடைநிலை. இவற்றோடு சில வாரம் பொறுத்தால்தான் போக்கு தெரியும். இரட்டிப்புக்கும் குறைவான ஏற்ற இறக்கம் முறையின் இயல்பான தடுமாற்றமாகவே இருக்கலாம்.

செறிவை மட்டும் பார்க்காமல் சுமையைப் பாருங்கள். லிட்டருக்கு 12,500 நகல், நாளுக்கு 1 கோடி லிட்டர் நீரோட்டம், 50,000 மக்கள் என்றால், ஒருவருக்கு ஒரு நாளில் 25 லட்சம் நகல். மழை பெய்து நீரோட்டம் இரண்டு கோடி ஆனால் செறிவு 6,250 ஆகும். வரைபடம் பாதியாக விழும், ஆனால் ஒரு நோயாளிகூடக் குறையவில்லை. சுமை அதே 25 லட்சம்.

நீரோட்ட எண் கிடைக்காத இடத்தில் பெப்பர் மைல்ட் மாட்டில் வைரஸை அளவுகோலாக வைக்கலாம். அது மிளகாய்ச் செடியின் வைரஸ். மிளகாயும் அதில் செய்தவையும் உண்பவர்களின் மலத்தில் ஏராளமாக வெளியேறும், ஆளுக்கு எதுவும் செய்யாது. கழிவுநீரில் மனித மலம் எவ்வளவு என்பதற்கு அது ஒரு குறியீடு.

அதன் அருமை எனக்கு ஒரு தடவை நன்றாகப் புரிந்தது. ஓர் இடத்தில் ஆறு வாரமாக இலக்கு வைரஸ் சீராக இறங்கி வந்தது. நோய் அடங்குகிறது என்று எழுதத் தயாராகிவிட்டோம். பெப்பர் வைரஸின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்தபோது அதுவும் அதே சரிவில் இறங்கியிருந்தது. ஊரில் எல்லாரும் ஒரே நேரத்தில் மலம் கழிப்பதைக் குறைத்திருக்க முடியாது. போய்ப் பார்த்தால் எடுப்பானின் உறிஞ்சு குழாய் நுனியில் கந்தல் துணி சுற்றிக்கொண்டு, திடப்பொருளை வடிகட்டி வெறும் நீரை மட்டும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை அந்த நுனியைக் கையால் தொட்டுப் பார்ப்பதை வேலைப் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

கழிவுநீர் எண்ணை நோயாளிகளின் எண்ணிக்கையாக மாற்றிச் சொல்லச் சொல்லி உங்களிடம் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். ஒருவர் எவ்வளவு வைரஸை வெளியேற்றுகிறார் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் பெரிதும் மாறும். 2013-இல் இஸ்ரேலில் கழிவுநீரில் போலியோவைரஸ் வந்துகொண்டே இருந்தது, இளம்பிள்ளை வாதத்தோடு ஒரு நோயாளிகூட வரவில்லை. எண்ணிக்கை கேட்டிருந்தால் பூஜ்யம்தான். ஆனால் பரவல் உண்மை, சொட்டு மருந்து கொடுத்துத்தான் அதை நிறுத்தினார்கள்.

12. எதையாவது மாற்றும் முன்

கிட் தீர்ந்து வேறு கிட் வரும். எடுப்பான் இடம் மாறும். புதிய ஆள் வருவார். ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு படிக்கட்டை உண்டாக்கும், அதை நோயின் ஏற்றம் என்று யாராவது படித்துவிடுவார்கள். மாற்றும் முன் பத்துச் சாம்பிளையாவது பழைய முறையிலும் புதிய முறையிலும் ஒன்றாக ஓட்டி வித்தியாசத்தை எழுதிவையுங்கள். வரைபடத்தில் மாறிய நாளில் ஒரு செங்குத்துக் கோடும் போடுங்கள்.

சிறிய வளாகம், ஒரே விடுதி, சில நூறு பேர் மட்டுமே உள்ள குடியிருப்பு என்றால் எண்களை இடப்பெயரோடு வெளியிடாதீர்கள். அங்கே சாக்கடை யாரைச் சுட்டுகிறது என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிந்துவிடும், அந்தக் குடும்பம்தான் அதற்கு விலை கொடுக்கும். சுகாதார அதிகாரிக்கு நேரடியாகச் சொல்லுங்கள். எல்லையும் மீட்பு விழுக்காடும் அன்றைய நீரோட்டமும் அதே தாளில் இருக்கட்டும்.